அறுபது எண்ணும்வரை

ஜனவரி மூன்று. பாட்டர் கவுண்டி.
மற்றவர்கள் சுட்டு முடித்துப் போன காட்டில்
சக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களுக்கு
விட்டுவைக்கிற மிச்ச நாட்கள்.
எனக்கு அறுபத்தாறு. கிரெட்டாவுக்கு முப்பத்தைந்து.
இரவெல்லாம் நெடுஞ்சாலையில் பனி வழித்துவிட்டு
அதே பூட்ஸோடு வந்திருக்கிறாள்.
என்னைவிட நன்றாகச் சுடுவாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வண்டியின் பின்பலகையில் வைத்துக் கெட்டித்தோம்.
கொம்பிலிருந்து ஓர் அளவு கரிமருந்து,
குழல்வாயில் எச்சில் தொட்ட துணி,
துணிமேல் ஈயக் குண்டு.
அடியில் டொக்கென்று நிற்கும்வரை கெஜக்கோல்.

துணி எங்கே வாங்கியது என்று அவள் கேட்டதில்லை.
நீலக் கோடு போட்ட தலையணை உறை.
வெர்னா விட்டுப்போனது.
பத்தொன்பது வருடமாக
வட்டம் வட்டமாக வெட்டிச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.
ஒரு மூலை பாக்கி.

மேட்டில் ஏறும்போது
தூறல் பனி நனைக்காமல்
விசைப்பக்கத்தைக் கக்கத்தில் அணைத்துக்கொண்டேன்,
கோழிக்குஞ்சைக் கொண்டுபோகிறவன் மாதிரி.
போதவில்லை போலிருக்கிறது.

ஹெம்லாக் மரங்களுக்குக் கீழே ஒரு பெட்டை மான்.
நாற்பது கஜம். பக்கவாட்டில்.
கிரெட்டா என் முதுகைத் தொட்டாள்: நீ.

குதிரையை இழுத்தேன். விசையை அழுத்தினேன்.
கிண்ணியில் மட்டும் புஸ்ஸென்று ஒரு நெருப்பு.
குழலுக்குள் ஒன்றுமில்லை.
கந்தகப் புகை கலைந்தபோது
மான் நின்ற இடத்தில் மான் இல்லை.

அதற்கொரு விதி உண்டு.
உள்ளே மருந்து இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.
இறக்கக் கூடாது. திரும்பக் கூடாது.
குழலை அப்படியே காட்டைப் பார்க்கப் பிடித்து
அறுபது எண்ண வேண்டும்.

பதினொன்றில் அவள் பேசினாள்.
"அம்மாவைக் கண்டுபிடிச்சுட்டேன்.
ஈரியில இருக்கா.
ரெண்டு வருஷமாப் போய்ப் பாக்குறேன்."

பன்னிரண்டு. பதின்மூன்று.
எனக்கு நேரே ஒரு மரம்,
பட்டையில் மான் கொம்பு உரசிய பழைய காயம்.
இந்த நிமிடத்துக்காக
எத்தனை சீசன் காத்திருந்தாளோ.
என் முகம் அவள் பக்கம் வர முடியாத நிமிடம்.
நல்ல வேட்டைக்காரி.
காற்றுப் பார்த்து நிற்கத் தெரிந்தவள்.

இருபதுகளில் எங்கோ எண்ணிக்கை விட்டுப்போனது.
இருபதிலிருந்து மறுபடி தொடங்கினேன்.
"செருப்புக்கடையில கணக்கு எழுதுறா.
மேல்பல் முழுக்கக் கட்டியிருக்கா."
முப்பது. முப்பத்தொன்று.
துப்பாக்கி கனக்கத் தொடங்கியிருந்தது.
முன்குறி மரத்தைவிட்டு இறங்கி இறங்கி ஏறியது.

நாற்பதுக்குப் பக்கத்தில் அவளே சொன்னாள்:
"நீ எதுவும் கேக்கலை.
அவளும் கேக்கலை."

அறுபது.
இன்னொரு பத்தும் எண்ணினேன்,
விதியில் இல்லாத பத்து.

இறக்கி, பற்றுவாயில் கம்பி விட்டுக் குடைந்தேன்.
கறுப்புச் சேறு வந்தது.
"ஈரம்," என்றேன்.
"தெரியும்," என்றாள்.
கிண்ணியைத் துடைத்துத் தன் கொம்பிலிருந்து மருந்து போட்டாள்.
சாலை உப்பில் வெடித்த விரல்கள்.
முகத்தை அல்ல, விரல்களைத்தான் பார்த்தேன்.
"காப்பியில இன்னும் உப்புப் போடுறாளா?"
"ஒரு சிட்டிகை."

அதற்குப் பிறகு மான் எதுவும் வரவில்லை.
வந்திருந்தாலும் பார்த்திருப்போமா தெரியாது.

கெட்டித்த துப்பாக்கியை வண்டியில் ஏற்றக் கூடாது.
வெளிச்சம் போவதற்குள்
ஓடைக்கரை மண்மேட்டில் சுட்டேன்.
இந்தமுறை வெடித்தது.
தோள் வலிக்கிற அளவுக்கு வெடித்தது.

பனிமேல் புகைந்துகொண்டு கிடந்த துணியை
அவள் போய் எடுத்தாள்.
சரியாக எரிந்திருக்கிறதா என்று எப்போதும் பார்ப்பதுதான்.
நடுவில் கருகல். ஓரத்தில் நீலக் கோடு.
எப்போதையும்விட அதிக நேரம் பார்த்தாள்.
கையுறையைக் கழற்றிக் கோட்டைத் தடவினாள்.
பிறகு அதைத் தூக்கிப்போடாமல்
சட்டைப்பையில் வைத்துப் பொத்தானிட்டாள்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள்.
"நாளைக்கும் வர்றியா?"
"பனி பெய்யலைன்னா."

பெய்தது.